வாயுள்ள பிள்ளைக்கு மட்டும்தான் கவரா?

டிஸ்கி: இது பரீட்சைக்கு உதவாத பதிவு. பகடை, கோப்ளின், டிராகன்னு பேசப்போறேன். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் தேடி வந்தவங்க அப்படியே பின்வாசல் வழியா கிளம்பிடலாம். (நடுவுல கொஞ்சம் காஸ்டிங்கும் வரும், உட்கார்ந்தாலும் தப்பில்ல.)

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. ஆடுற மக்கள்கிட்ட ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. சண்டை ஆரம்பிச்சா மேப் விரிக்கக் கூடாது, கட்டம் எண்ணக் கூடாது, யாராவது "நான் அந்த மேஜைக்குப் பின்னாடி இருக்கேனா?"ன்னு கேட்டா அவனை ஒரு மாதிரி பார்க்கணும். "நாம கதை சொல்ல வந்திருக்கோம் மச்சி, ஜியாமெட்ரி பாக்ஸ் எதுக்கு?"ன்னு டயலாக் வேற. கேட்க நல்லாத்தான் இருக்கு. நகர்வு ரூலும் கவர் ரூலும் கதைக்கு எதிரி, கணக்குப் புலிகளோட பொழுதுபோக்குன்னு தீர்ப்பே எழுதிட்டாங்க. என் கட்சி நேரெதிர். ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற அஞ்சு பேருக்கும் ஒரே நியாயம் வேணும்னா, யார் எங்க நிக்கிறாங்க, எது அவங்களை மறைக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். தெரியாம ஆடுற ஆட்டத்துல ஜெயிக்கிறது கதை கிடையாது, சத்தம்.

இந்த விளையாட்டு தெரியாத கிளாஸ்மேட்ஸுக்காக நாலு வரி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு, 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் போட்டது. ஒருத்தர் டி.எம்., அதாவது கதை சொல்லி, நடுவர், வில்லன் எல்லாம் அவரே. மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். சண்டை வந்தா இருபது முகப் பகடையை உருட்டி, வர்ற எண்ணோட நம்ம போனஸைக் கூட்டி, எதிராளியோட ஆர்மர் கிளாஸைத் தொட்டுட்டா அடி விழும். 2014ல வந்த ஐந்தாம் பதிப்புப்படி ஒரு சுற்றுன்னா 6 விநாடி. அதுல சாதாரண மனுஷன் 30 அடி நடக்கலாம், ஒரு ஆக்‌ஷன் செய்யலாம். பாதி உடம்பு மறைஞ்சிருந்தா ஆர்மர் கிளாஸுக்கு +2. முக்கால்வாசி மறைஞ்சிருந்தா +5. முழுசா மறைஞ்சிருந்தா உன்னை நேரடியா குறி வைக்கவே முடியாது. கவர் ரூல் மொத்தமே இவ்வளவுதான். நம்ம யூனிவர்சிட்டி ஃபீஸ் சலான்ல இதைவிட அதிகமா எழுதியிருக்கும். இதைத்தான் "ரொம்ப காம்ப்ளிகேட்டட்"னு சொல்றாங்க.

இப்போ காஸ்டிங். ஒரு கோப்ளின் வில்லை எடுத்து விடுது. 2014 புத்தகத்துல அதோட போனஸ் +4. உன் ஆர்மர் கிளாஸ் 15. அது பகடைல 11 அல்லது அதுக்கு மேல போடணும், அதாவது 50 சதவீதம். நீ இடுப்பளவு சுவத்துக்குப் பின்னாடி போனா 40. ஜன்னல் ஓரமா, முக்கால் உடம்பு மறையற மாதிரி நின்னா 25. பாதிக்குப் பாதி! உன்மேல வர்ற அம்புல பாதியை ஒரு ஜன்னல் வாங்கிக்குது, வாடகை கூட கேட்காம.

அதே புத்தகத்துல கவச விலைப்பட்டியலைப் பாருங்க. செயின் மெயில் 75 தங்கக் காசு, ஆர்மர் கிளாஸ் 16. பிளேட் 1500 தங்கக் காசு, ஆர்மர் கிளாஸ் 18. அந்த +2 வித்தியாசத்துக்கு 1425 காசு. இதுக்காக மாசக்கணக்குல குகை குகையா அலைஞ்சு, செத்த எலும்புக்கூடு பாக்கெட்டைக் கூட தடவிப் பார்ப்பானுங்க. ஆனா அதே +2 பத்தடி தூரத்துல குட்டிச்சுவரா நிக்கும், போக மாட்டானுங்க. இத்தனைக்கும் சுவர் தர்றது ஒரு வகைல பிளேட்டைவிட மேல். டிராகன் நெருப்பு ஊதும்போது போடுற டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவுக்கும் சுவர் +2 தரும், 1500 காசு பிளேட் ஒண்ணுமே தராது. என்ன, சுவரைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போக முடியாது, அந்தப் பக்கத்துலேருந்து வர்ற அடியைத்தான் தடுக்கும். ஒத்துக்கறேன். இருந்தாலும் ஓசில கிடைக்கிற சொத்தை பாலன்ஸ் ஷீட்ல ஏத்தாம விட்ட ஒரே தொழில் இந்த சாகச வீரர் தொழிலாத்தான் இருக்கும்.

ஏன் போக மாட்டேங்கிறாங்க? ஆடுறவன் முட்டாள்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ரூல் எழுதினவங்க மேலயும் கணக்கு இருக்கு.

2000ல வந்த மூன்றாம் பதிப்புல பெரிய வீரனுக்கு ஒரு சாபம் இருந்துச்சு. ஒரு சுற்றுல கிடைக்கிற எல்லா வெட்டையும் வெட்டணும்னா முழுச் சுற்றையும் அதுக்கே கொடுத்துடணும். ஐந்தடி தள்ளி நிக்கலாம், அவ்வளவுதான். ஆள் பெருசாகப் பெருசாக கால் கட்டிப் போட்ட கதை. ஐந்தாம் பதிப்புல அந்தக் கட்டை அவுத்து விட்டாங்க. ரெண்டு வெட்டுக்கு நடுவுலகூட நடக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா போறதுக்கு ஒரு காரணமும் வைக்கலியே! இலவச பஸ் பாஸைக் கையில கொடுத்துட்டு, பஸ் போற ஊரை எல்லாம் மேப்லேருந்து அழிச்ச மாதிரி.

எதிரி பக்கத்துல போய்ட்டா அங்கிருந்து விலகும்போது அவனுக்கு ஓசியா ஒரு அடி, ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக். அது வேண்டாம்னா டிஸ்எங்கேஜ்னு ஒரு ஆக்‌ஷனையே செலவழிக்கணும், அந்தச் சுற்றுல உன் வாள் சும்மா கிடக்கும். இதுக்குத்தான் நம்ம சிலபஸ்ல வாய்ப்புச் செலவுன்னு பேர். கைல இருக்கிற ஒரு நிச்சய வெட்டை விட்டுட்டு, ஒருவேளை உதவக்கூடிய ஒரு சுவத்துக்கு எவன் போவான்? அதனால முதல் சுற்றுல ஓடி வந்து முட்டிக்கிறாங்க, அப்புறம் நாலு சுற்றுக்கு கோயில் துவாரபாலகர் மாதிரி அசையாம நின்னு மாத்தி மாத்தி அடிச்சுக்கிறாங்க. இதைத்தான் "சினிமாட்டிக்"ங்கிறாங்க நம்ம கதைசொல்லிகள். எந்த சினிமால பார்த்தாங்களோ.

வில்லாளி பக்கம் இன்னும் மோசம். ஷார்ப்ஷூட்டர்னு ஒரு ஃபீட். அதை எடுத்தா பாதிக் கவர், முக்கால் கவர் ரெண்டும் உன் அம்புக்குக் கிடையாது. எல்லா வில்லாளியும் அதைத்தான் எடுப்பான்னு தெரிஞ்சே விதிவிலக்கை விலைக்கு வித்திருக்காங்க. விளைவு? டி.எம். பாவம் மெனக்கெட்டு கோப்ளின்களை பீப்பாய்க்குப் பின்னாடி ஒளிய வைப்பார். "கவர் எனக்குச் செல்லாது"ன்னு இவன் ஒரே வார்த்தைல முடிப்பான். ரெண்டு வாரம் பார்ப்பார், மூணாவது வாரத்துலேருந்து பீப்பாயும் கிடையாது, தூணும் கிடையாது, எல்லா அறையும் கல்யாண மண்டபம் மாதிரி வெட்டவெளி. 2024ல ரூல் புத்தகத்தைத் திருத்தினப்போ இந்த ஃபீட்ல இருந்த -5/+10 பேரத்தைத் தூக்கிட்டாங்க. கவரைத் தாண்டுற சலுகை மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கு.

இன்னொரு கூத்து. தூணுக்குப் பின்னாடி முழுசா மறைஞ்சிருக்கிறவன் தன் முறை வந்ததும் 15 அடி வெளிய வருவான், அம்பு விடுவான், மறுபடி 15 அடி உள்ள போய்டுவான். எதிராளி முறை வரும்போது கண்ணுக்கு ஆளே இல்ல. பொந்துக்குள்ள எலி. இதுக்கு மருந்து, "அவன் தலை தெரிஞ்சதும் அடிப்பேன்"னு ரெடி ஆக்‌ஷன் எடுத்துக் காத்திருக்கணும். ஆனா அப்படிக் காத்திருந்தா எக்ஸ்ட்ரா அட்டாக் கிடைக்காது, ரெண்டு அடி ஒண்ணாக் குறையும். ஒளிஞ்சவனுக்கு நஷ்டமில்ல, காத்திருந்தவனுக்கு நஷ்டம். கவர் ரூல்ல குறை சொல்லணும்னா இதைச் சொல்லுங்கய்யா, நானும் சேர்ந்து கூவுறேன். "கணக்கு கஷ்டம்"னு சொல்றதுக்கு இதெல்லாம் படிக்கவே வேண்டாமே, அதான் வசதி.

இதே கதைசொல்லிகள்ல பாதிப் பேர் 2012ல வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் கம்ப்யூட்டர் கேமை ராத்திரி ராத்திரியா ஆடினவங்க. அதுல பாதிக் கவருக்கு 20, முழுக் கவருக்கு 40. பக்கவாட்டுல வந்துட்டா கவர் பூஜ்யம். எவனாவது அங்க வெட்டவெளில நின்னானா? நின்னா அடுத்த நிமிஷம் சங்குதான். அங்க கவர் தேடி ஓடுறதே த்ரில்லா இருந்துச்சாம், பேப்பர்ல அதே விஷயம் போரடிக்குதாம்.

சரியா செஞ்சவங்க இல்லாமலும் இல்ல. 2019ல வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பை எடுத்துக்கங்க. ஒரு சுற்றுக்கு மூணு ஆக்‌ஷன். நடக்கிறது ஒரு ஆக்‌ஷன், வெட்டுறது ஒரு ஆக்‌ஷன். ஒரே சுற்றுல ரெண்டாவது வெட்டுக்கு பொதுவா -5, மூணாவதுக்கு -10. பிளஸ் டூ எக்கனாமிக்ஸ்ல மனப்பாடம் பண்ணினோமே, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி, ஆப்பிள் படம் போட்டு... அதேதான்! மூணாவது ஆப்பிள் புளிக்குது, அதனால அந்த ஆக்‌ஷனை வச்சு நகரலாமா, கேடயம் தூக்கலாமா, கவர்ல பதுங்கலாமான்னு ஆள் தானா யோசிப்பான். பதுங்குறதுக்கே டேக் கவர்னு தனி ஆக்‌ஷன் இருக்கு, +2 கவரை +4 ஆக்கும். விலகும்போது விழுற ஓசி அடியும் எல்லா ஜந்துவுக்கும் கிடையாது, சிலருக்குத்தான். யாரும் யாரையும் "நகருங்க, நகருங்க"ன்னு கெஞ்ச வேண்டியதில்ல. விலையைச் சரியா வச்சா ஆள் நகர்வான்.

நகர்வோட மதிப்பு புரியணும்னா அமெரிக்கா வரைக்கும் போகவே வேண்டாம். ஆடு புலி ஆட்டத்துல 3 புலி, 15 ஆடு. ஆடு ஒரு புலியையும் கொல்லாது, கொல்லவும் முடியாது. சரியான முனைல போய் நிக்கும், அவ்வளவுதான். நின்னே ஜெயிக்கும். கோடு அழிச்சிட்டு "மனசுல நினைச்சுக்கோ, உன் ஆடு எங்கயோ நிக்குது"ன்னு சொல்லிப் பாருங்க, எந்த ஆடு ஜெயிக்குதுன்னு பார்ப்போம்.

இப்போ "ஆதியில எல்லாம் கற்பனைதான், கட்டம் பின்னாடி வந்த கலப்படம்"னு ஒரு வரலாறு சொல்வாங்க. டி அண்ட் டி பொறந்ததே 1971ல கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் போட்ட செயின்மெயில்ங்கிற பொம்மைப் போர் விளையாட்டோட வயித்துலேருந்து. 1978ல வந்த அட்வான்ஸ்டு பதிப்போட பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல நடை வேகம் அங்குலத்துல இருக்கும். குகைக்குள்ள 1 அங்குலம்னா 10 அடி, வெளியில 10 கஜம். மேஜைமேல ஸ்கேல் வச்சு அளந்த பரம்பரை அது. பொம்மை வைக்காம ஆடினவங்க அப்பவும் இருந்தாங்க, இல்லேங்கல. ஆனா ஆதி வேதமே அதுதான்னு அடிச்சு விடாதீங்க.

இன்னும் பின்னாடி போனா சுவாரசியமா இருக்கு. 1824ல பிரஷ்ய ராணுவத்துக்கு ரைஸ்விட்ஸ்னு ஒரு அதிகாரி க்ரீக்ஸ்ஷ்பீல்ங்கிற போர் விளையாட்டைக் காட்டினார். மேப், படைக் கட்டைகள், பகடை, அட்டவணைன்னு எல்லாம் உண்டு. 50 வருஷம் கழிச்சு, அட்டவணை பார்த்துப் பார்த்தே ஆட்டம் நகர மாட்டேங்குதுன்னு புகார் வந்துச்சு. 1876ல வெர்டி டு வெர்னுவா, "அட்டவணையைத் தூக்கிப் போடுங்க, நடுவர் தன் அனுபவத்துல முடிவு சொல்லட்டும்"னு புத்தகம் எழுதினார். நம்ம கதைசொல்லிகளோட கொள்ளுத்தாத்தா அவர்தான்! ஆனா ஒண்ணு கவனிக்கணும். வெர்டி 1870 போர்ல மோல்ட்கேயோட தலைமையகத்துல வேலை பார்த்த ஆள். அவர் நம்பின நடுவர்களும் ராணுவ அதிகாரிகள். குண்டு எங்க விழும், வேலி எதைத் தடுக்கும்னு தெரிஞ்சவங்க. அவங்க அட்டவணையைத் தூக்கிப் போடலாம். நம்ம டி.எம். செகண்ட் இயர். டென்னிஸ் பால் கிரிக்கெட்ல பந்து வந்தா கண்ணை மூடிக்கிற ஆள். அவர் அனுபவத்துல எந்தச் சுவர் எந்த அம்பைத் தடுக்கும்? இன்னொண்ணு, வெர்டிகூட அட்டவணையைத்தான் எறிஞ்சார், மேப்பை எறியல.

ஏன் இவ்வளவு கோவம்னா, நேர்ல பார்த்ததால. பேர் வேண்டாம். மேப் இல்லாம ஆடுற ஒரு குரூப். ஒரு பாழடைஞ்ச மண்டபம், மேலேருந்து அம்பு வருது. ஒருத்தன் மேல அம்பு பட்டுச்சு. உடனே அவன், "டேய், நான் தூணுக்குப் பின்னாடில்ல நிக்கிறேன்!"ன்னு குரல் விட்டான். டி.எம். ஒரு செகண்ட் யோசிச்சு, "சரி, +2 போட்டுக்கோ"ன்னுட்டார். அதுவரைக்கும் அந்த மண்டபத்துல தூணே கிடையாது. அவன் வாய்லேருந்துதான் தூண் முளைச்சுது. அடுத்த அம்பு இன்னொருத்தனுக்கு. தமிழ் மீடியம்லேருந்து வந்த பையன், மேஜைல எல்லாரும் இங்கிலீஷ்ல பொளந்து கட்டும்போது அவன் ஒரு வாக்கியத்தை மனசுக்குள்ள கோத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்தவன் முறை வந்துடும். அவன் எங்க நிக்கிறான்னு யாரும் கேட்கல, அவனும் சொல்லல. அம்பு பட்டுச்சு, அடுத்த சுற்றுல இன்னொண்ணு, ஆள் காலி. அவன் சுருட்டின பகடையெல்லாம் நல்லாத்தான் விழுந்துச்சு. ஒரு +2 இருந்திருந்தா ரெண்டாவது அம்பு பட்டிருக்காது, நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், சொல்லியும் பார்த்தேன். "கதைக்கு இதுதான்டா நல்லா இருக்கு"ன்னாங்க. இப்போ ஞாயித்துக்கிழமைன்னா அவனுக்கு டேலி கிளாஸ் இருக்காம். ஞாயித்துக்கிழமை எந்த ஊர்ல டேலி கிளாஸ் வைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியல.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு வெளியுலகத்துல சொல்றாங்க, வேற வழியில்ல. வாயில்லாத பிள்ளையும் டிராகனைக் கொல்லலாம்னு சொல்லித்தானே இந்த விளையாட்டுக்குக் கூப்பிட்டோம்? மேப்ல ஒரு பொம்மையைத் தூணுக்குப் பின்னாடி வைக்க இங்கிலீஷ் வேண்டாம், குரல் வேண்டாம், டி.எம்.மோட தோஸ்த்தா இருக்க வேண்டாம். விரலால நகர்த்தினா போதும்.

"நல்ல டி.எம்.மா இருந்தா எல்லாரையும் கேட்டிருப்பார்"னு ஒரு பதில் வரும். வரட்டும். நல்ல கேஷியர் இருக்கிற கம்பெனிக்கு ஆடிட்டே வேண்டாம்னு நம்ம ஆடிட்டிங் பேப்பர்ல எழுதிப் பாருங்க, எவ்வளவு மார்க் வருதுன்னு.

எதிர்க்கட்சிக்கு ஒரு விஷயத்துல விட்டுக் கொடுக்கறேன். 2000 மூன்றாம் பதிப்புல கால் பாகம் மறைஞ்சா +2, பாதி +4, முக்கால் +7, பத்துல ஒன்பது பங்கு மறைஞ்சா +10ன்னு அளந்தாங்க பாருங்க, அது ஓவர். மறைஞ்சவன் உடம்பை யார் டேப் வச்சு அளக்கிறது? 2003 திருத்தத்துல அவங்களே அதைச் சுருக்கி சாதாரணக் கவருக்கு +4ன்னு வச்சாங்க. குறுக்கு நடை கதையும் அப்படித்தான். 2003ல முதல் குறுக்குக் கட்டத்துக்கு 5 அடி, அடுத்ததுக்கு 10னு மாத்தி மாத்தி எண்ணணும். 2008 நாலாம் பதிப்புல எல்லாக் கட்டமும் ஒண்ணுன்னாங்க, 6 கட்டம் குறுக்கால போனா ரூல்படி 30 அடி, பைத்தாகரஸ்படி 42 அடிக்கு மேல. வட்டமா வெடிக்க வேண்டிய ஃபயர்பால் சதுரமா வெடிச்சுது :-) பைத்தாகரஸ் கோவிச்சிருப்பார், ஆனா எண்ண வசதியா இருந்துச்சு. அந்த வசதியை நான் எதிர்க்கவே இல்ல. கட்டமே இல்லாம ஆடினாலும் ஒத்துக்கறேன். 2013ல வந்த தேர்ட்டீன்த் ஏஜ்ல கட்டம் கிடையாது. எதிரியோட முட்டிக்கிட்டு இருக்கியா, பக்கத்துல இருக்கியா, தூரத்துல இருக்கியா, இந்த மூணுதான். ஆனா அந்த மூணுல நீ எதுல இருக்கேன்னு மேஜைக்கே தெரியும். யார் சத்தம் போட்டாலும் அது மாறாது. எனக்கு அது போதும்.

கடைசியா, "நேரம் ஆகும்." இதுதான் எல்லாரும் சொல்றது. மேப் போடாத மேஜைல "அவன் எங்க இருக்கான், எனக்கு எட்டுமா, நடுவுல யார் இருக்கா"ன்னு ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டு, டி.எம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அறையை வர்ணிச்சு, அதுல ரெண்டு பேர் சண்டை போட்டு... அந்த நேரத்தை எவன் கணக்குல எழுதினான்? மேப்புக்கு ஆகுற நேரம் முதல் ரெண்டு நிமிஷம். பேட்டில்மேட் வாங்கக் காசில்லேன்னு சொல்றவங்களுக்கு, அக்கவுண்ட்ஸ் நோட்ல ஏற்கனவே நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு ரெண்டும் போட்டு வச்சிருக்காங்க. ரூபாய் காலத்துல கோப்ளினை வைங்க, விவரம் காலம் அகலமா இருக்கும், அது மண்டபம். தூணுக்கு அழிரப்பர்.